ஒரே ஊர்க் காய்ச்சலுக்கு மூன்று பதிவேடுகள்: நெல்லை மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அவர்கள், பொதுச் சுகாதாரம், கால்நடை பராமரிப்பு, வனம் ஆகிய துறைகளின் மாவட்ட அலுவலர்கள்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். நாங்குநேரி, களக்காடு வட்டாரங்களில் கால்நடை ஆய்வாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். என் கோரிக்கை ஒன்றுதான். நம் மாவட்டத்தில் எந்த ஊரிலாவது ஆடு மாடோ, குரங்கோ, பறவையோ வழக்கத்துக்கு மாறாக நோயுற்றாலும் மடிந்தாலும் அச்செய்தி அன்றைக்கே அவ்வூர் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்குப் போய்ச் சேர வேண்டும். அதே ஊரில் காரணம் தெரியாத காய்ச்சலோடு ஆட்கள் வரத் தொடங்கினால் அச்செய்தி கால்நடை மருந்தகத்துக்கும் வனச்சரகத்துக்கும் வந்து சேர வேண்டும். இப்போது கால்நடை மருந்தகத்தின் பதிவேடு ஓரிடத்திலும், சுகாதார நிலையத்தின் காய்ச்சல் பதிவேடு வேறோரிடத்திலும், வனக்காப்பாளரின் நாட்குறிப்பு மற்றோரிடத்திலும் கிடக்கின்றன. மூன்றும் ஒரே ஊரைப் பற்றியவை. மூன்றையும் சேர்த்துப் படிக்கிறவர் எவரும் இல்லை.

மனிதர், விலங்கு, சுற்றுச்சூழல் மூன்றின் நலமும் ஒன்றே என்று பொருள்படும் ‘ஒன் ஹெல்த்’ என்ற பெயரில் தில்லியிலும் சென்னையிலும் இதைப் பற்றிப் பேசுகிறார்கள், நல்லதுதான். ஆனால் நோய் தில்லியில் தொடங்குவதில்லை. தொழுவிலும் கிடையிலும் குளக்கரையிலும் மலையடிவாரத்திலும் தொடங்குகிறது. ஆகவே வட்டார அளவில் செய்ய வேண்டியதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

துறைகள் ஒன்றோடொன்று பேசாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு வசதி குறைந்த நாடு எதையும் நான் எடுத்துக்காட்டப் போவதில்லை. 1999ஆம் ஆண்டுக் கோடையில் நியூயார்க் நகரத்தில் காகங்கள் செத்து விழுந்தன. ஆகஸ்ட் மாதக் கடைசியில் அந்நகரின் குவீன்ஸ் பகுதியில் முதியவர்கள் சிலர் மூளைக்காய்ச்சலுடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அது ‘செயின்ட் லூயி மூளைக்காய்ச்சல்’ என்று செப்டம்பர் தொடக்கத்தில் அறிவித்து, கொசு மருந்து தெளிக்கத் தொடங்கினார்கள். காகங்களின் சாவு வேறு யாருடைய கவலையாகவோ இருந்தது. அந்த நேரத்தில் பிராங்ஸ் விலங்குக் காட்சிச்சாலையில் நோய்க்குறியியல் மருத்துவராக இருந்த டிரேசி மெக்நமாரா, தம்மிடம் இருந்த பூநாரைகளும் நீர்க்காகங்களும் அடுத்தடுத்துச் சாவதைக் கண்டு அவற்றின் உடல்களை அறுத்துப் பார்த்தார். மூளையில் அழற்சி இருந்தது. செயின்ட் லூயி வைரஸ் பறவைகளைக் கொல்வதில்லையே, பிறகு இவை ஏன் சாகின்றன என்று கேட்டார். குதிரைகளையும் ஈமுக்களையும் கொல்லும் இன்னொரு மூளைக்காய்ச்சலாக இருக்குமோ என்றால், அதே காட்சிச்சாலையில் ஈமுக்கள் ஒரு குறையும் இல்லாமல் நின்றன. அப்படியானால் ஆட்களைத் தாக்குவதும் பறவைகளைக் கொல்வதும் ஒன்றே, அதற்கு வைத்த பெயர்தான் தவறு என்பது அவருடைய முடிவு. மனித நோய்களைப் பார்க்கும் நிறுவனத்துக்கு அவர் இதைச் சொன்னபோது அதற்கு உரிய கவனம் கிடைக்கவில்லை. பறவைத் திசுக்கள் அவர்கள் வேலையின் எல்லைக்கு வெளியே இருந்தன. செப்டம்பர் இறுதியில்தான் அது மேற்கு நைல் வைரஸ் என்று உறுதியாயிற்று. அதற்கு முன் அமெரிக்கக் கண்டங்களில் அறியப்படாத அந்த வைரஸ், சில ஆண்டுகளில் அந்நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரை வரை பரவிவிட்டது.

மெக்நமாராவிடம் இருந்தது புதுக் கருவி எதுவும் இல்லை. எந்த உயிர் சாகிறது, எந்த உயிர் சாகாமல் நிற்கிறது என்று சேர்த்துப் பார்க்கும் பழக்கம்தான் இருந்தது. நம்மிடமும் அதற்கு வேண்டிய ஆட்கள் இருக்கிறார்கள். ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது; ஹைகிரவுண்டில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இரண்டுக்கும் இடையே டவுன் பஸ் தூரம்தான்.

கிடை ஆடுகளில் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய் கண்டால் நடப்பதைச் சொல்கிறேன். முந்தைய நாள் மாலை வரை மேய்ந்த ஆடு விடியற்காலையில் செத்துக் கிடக்கும். நோய்க்குறி எதுவும் முன்னால் தெரிந்திருக்காது. ஆட்டுக்காரருக்குப் பண நட்டம். ஆகவே உடனே தோலை உரித்து, கறியைக் கூறு போட்டு, வந்த விலைக்குக் கொடுத்துவிடத்தான் அவருக்குத் தோன்றும். செத்த ஆட்டின் மூக்கிலும் ஆசனவாயிலும் கருத்த இரத்தம் கசிந்து, அது உறையாமல் இருந்தால் கத்தியை எடுக்கவே கூடாது என்பது எங்கள் துறையில் எல்லாரும் படித்த முதல் பாடம். உடலுக்குள் இருக்கும்வரை அந்தப் பாக்டீரியா அழுகலோடு அழியக்கூடியது. அறுத்துக் காற்றுப் பட்டால் விதை போன்ற உறைக்குள் புகுந்துகொண்டு அதே மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். ஆகவே காது நரம்பில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி அனுப்பிவிட்டு, உடலை ஆறடிக் குழியில் சுண்ணாம்பு போட்டு மூட வேண்டும். இவ்வளவும் கால்நடை மருத்துவருக்குத் தெரியும். ஆனால் அதற்குள் உரித்தவரின் முன்கையில் சில நாள் கழித்து வலியில்லாத ஒரு புண் வந்து, நடுவில் கரிபோல் கறுத்து நிற்கும். வலியில்லாததால் அவர் அவசரப்பட மாட்டார், போனாலும் சுகாதார நிலையத்தில் “ஆடு உரித்தீர்களா?” என்ற கேள்வி கேட்கப்படாவிட்டால் அது வெறும் கொப்புளம் என்றே குறிப்பில் ஏறும். ஒரு தொலைபேசி அழைப்பு இருந்தால் அந்தக் கேள்வி கேட்கப்படும்.

ஒரு நோய்க்கு ஒரு குறிப்பிட்ட கிருமியே காரணம் என்று முதன்முதலாகத் தெளிவாக நிறுவப்பட்டதும் இந்த அடைப்பானைக் கொண்டுதான். 1876இல் அதைச் செய்த ராபர்ட் கோக் அப்போது பெரிய ஆய்வகத்தில் இருக்கவில்லை. வோல்ஸ்டைன் என்ற சிற்றூரில் மாவட்ட மருத்துவ அலுவலராக இருந்தார். சுற்றுவட்டாரத்து ஆடு மாடுகள் செத்ததுதான் அவரை அந்தக் கேள்விக்குள் இழுத்தது. மாவட்ட அலுவலர்களுக்கு எழுதும் மடலில் இதைக் குறிப்பிடுவது பொருத்தம் என்று நினைக்கிறேன்.

அடைப்பான் எப்போதாவது வருவது. கன்று வீச்சு நோய் அப்படியல்ல. அது ஓசையில்லாமல் தொழுவிலேயே தங்கியிருப்பது. சினை மாடு ஏழு, எட்டு மாதத்தில் கன்றை வீசிவிடும்; நஞ்சுக்கொடி விழாமல் தொங்கும். வீட்டுக்காரர் வெறுங்கையைத் தோள்வரை விட்டு அதை எடுப்பார், இல்லாவிட்டால் அனுபவமுள்ள பக்கத்து வீட்டுப் பெரியவர் எடுப்பார். அந்தக் கொடியிலும் நீரிலும் புருசெல்லா கிருமி கோடிக்கணக்கில் இருக்கும். கையில் சிறு கீறல் இருந்தால் போதும். சில வாரம் கழித்து அவருக்கு மாலையானால் காய்ச்சலும் இரவில் வியர்வையும் இடுப்பு வலியும் தொடங்கும். காய்ச்சல் வரும், விடும், மறுபடி வரும். டைபாய்டு என்று மாத்திரை தரப்படும், சற்றுக் குறையும், திரும்பும். டாக்சிசைக்ளினையும் ரிஃபாம்பிசினையும் சேர்த்து ஆறு வாரம் கொடுத்தால் தீரக்கூடிய நோய் இது. தொழுவில் நடந்தது மருத்துவருக்குத் தெரியாததால் மாதக்கணக்கில் நீள்கிறது. 1887இல் மால்டாத் தீவில் டேவிட் புரூஸ் இறந்த போர்வீரர்களின் மண்ணீரலிலிருந்து இக்கிருமியைக் கண்டெடுத்தார்; ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்பது 1905இல் தெமிஸ்டோக்ளிஸ் சம்மித் அத்தீவின் ஆடுகளைச் சோதித்த பிறகே தெரிந்தது. ஆளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததால் போன ஆண்டுகள் பதினெட்டு.

இதில் நம் கிராமத்து வழக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். ஈன்ற மாட்டின் கொடியைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவார்கள்; ஆல் பால் மரம் என்பதால் மாட்டுக்கும் பால் பெருகும் என்பது நம்பிக்கை. பால் பெருகுவது இருக்கட்டும், கொடியை நாய் இழுத்துக்கொண்டு ஊரெல்லாம் திரியாமல் தடுத்தவரை அது நல்ல வழக்கமே. ஆனால் கன்று வீசிய மாட்டின் கொடியை அப்படிச் செய்யக் கூடாது, சுண்ணாம்போடு ஆழப் புதைக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியவர் யார்? கால்நடைத் துறையா, சுகாதாரத் துறையா? இரண்டு துறைக்கும் நடுவில் விழுந்துவிட்ட செய்திகளில் இதுவும் ஒன்று. 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்கு இந்நோய்க்கான தடுப்பூசி இலவசமாகப் போடப்படுகிறது. அது உயிருள்ள கிருமியாலான தடுப்பூசி என்பதால் போடுபவரின் விரலில் ஊசி குத்தினால் அவருக்கே நோய் வரலாம் என்பதைச் சுகாதார நிலையங்கள் அறிந்திருக்க வேண்டும் என்பது எங்கள் ஊழியர்கள் சார்பில் என் துணைக் கோரிக்கை.

அடுத்து, மருந்துக்கடைகளைப் பற்றிய ஒன்று. கால் தாங்கும் மாட்டுக்கு டைக்ளோஃபெனாக் என்ற வலி ஊசி போட்டால் அன்றைக்கே எழுந்து நடக்கும், விலையும் குறைவு. ஆகவே 1990களில் இந்தியா முழுவதும் அது தொழுவுக்குள் நுழைந்தது. அந்த மாடு செத்து, அதன் உடலைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகம் பழுதாகி, உள்ளுறுப்புகளின் மேல் யூரிக் அமிலம் சுண்ணாம்பு பூசியதுபோலப் படிந்து அவை இறந்தன. காரணம் 2004இல் வெளியான ஆய்வில்தான் உறுதிப்பட்டது. அதற்குள் மூன்று கழுகு இனங்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் அழிந்திருந்தன. 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. ஆட்களுக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டதால், 2015இல் ஒரு வேளைக்கான 3 மி.லி. குப்பியாக மட்டுமே விற்க வேண்டும் என்று ஆணை வந்தது. 2023இல் வேறு வலி மருந்துகளான கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடை செய்யப்பட்டன. மெலாக்சிகம் என்ற வலி மருந்து கழுகுக்குத் தீங்கில்லாதது. மாட்டின் வலியையும் அது தீர்க்கும்.

கழுகு போனால் நமக்கென்ன என்று கேட்பவர்களுக்குப் பறவையியலாளர்களைவிடப் பொருளியலாளர்கள் நல்ல விடை தந்திருக்கிறார்கள். இயால் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இருவர் 2024இல் வெளியிட்ட ஆய்வில், கழுகுகள் மிகுந்திருந்த மாவட்டங்களையும் இல்லாத மாவட்டங்களையும் ஒப்பிட்டு, 2000 முதல் 2005 வரையான ஆண்டுகளில் கழுகுகள் அழிந்ததால் ஏறத்தாழ ஐந்து லட்சம் மனிதர்கள் கூடுதலாக இறந்திருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். கழுகுகள் தின்னாத பிணங்கள் ஆற்றிலும் குட்டையிலும் அழுகின. தெருநாய்கள் பெருகின, அவற்றோடு வெறிநோயும். தமிழ்நாட்டில் இன்று கழுகுகளைப் பார்க்க மாயாற்றுப் பள்ளத்தாக்குக்குத்தான் போக வேண்டும். நெல்லைச் சீமைக்கு அவை திரும்பி வருமா என்பது பின்னால் பார்க்க வேண்டியது. ஆனால் நம் மருந்துக்கடைகளில் கால்நடைக்கென்று எந்த வலி ஊசி விற்கிறது என்பதை மருந்து ஆய்வாளரும் கால்நடை மருத்துவரும் சேர்ந்து போய்ப் பார்ப்பதற்குக் கழுகு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கோழித் தீவனத்தில் கலக்கப்பட்டு வந்த கொலிஸ்டினையும் அப்போதே பார்க்கலாம். மனிதருக்குக் கடைசி நேரத்தில் பயன்படும் நுண்ணுயிர்க்கொல்லி என்பதால் 2019இல் அது உணவு விலங்குகளுக்குத் தடை செய்யப்பட்டது.

கூந்தன்குளத்தைப் பற்றி எழுதாமல் நம் மாவட்டத்தில் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2022இல் உலகச் சிறப்புமிக்க ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற அக்குளத்தின் கரையில் வாழும் மக்கள், வீட்டு வாசல் மரங்களில் கூடு கட்டும் நாரைகளுக்காகவும் கூழைக்கடாக்களுக்காகவும் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை என்பது ஊரறிந்தது. பறவை எச்சம் கரைந்த குளத்து நீர் வயலுக்கு உரம் என்பதும் அவர்கள் கணக்கு. அங்கே வலசை வரும் வரித்தலை வாத்து இமயத்தைத் தாண்டிப் பறப்பது. உயிர்வளி குறைந்த உயரத்திலும் அதை இறுகப் பற்றும் ஹீமோகுளோபின் அதன் இரத்தத்தில் இருப்பதால் உயிரியலாளர்கள் பல பத்தாண்டுகளாக அதை ஆராய்ந்துவருகிறார்கள். அதே வரித்தலை வாத்துகள்தாம் 2005இல் சீனத்தின் சிங்காய் ஏரியில் எச்5என்1 பறவைக் காய்ச்சலால் பெரும் எண்ணிக்கையில் மடிந்தன. காட்டுப் பறவைகளிடையே அந்நோய் அவ்வளவு பெரிதாகக் கிளம்பியதை உலகம் அப்போதுதான் கண்டது. இதைச் சொல்வது கூந்தன்குளத்து மக்களை அச்சுறுத்த அல்ல. ஒவ்வொரு கூட்டையும் பெயர் சொல்லாத குறையாக அறிந்தவர்கள் அவர்கள். கீழே விழுந்த குஞ்சுகளை எடுத்து வளர்ப்பவர்களும் அவர்களே. ஒரே வாரத்தில் வழக்கத்துக்கு மேல் பறவைகள் விழுந்தால் அதை மாவட்டத்திலேயே முதலில் அறியப்போகிறவர்களும் அவர்கள்தாம். அவர்கள் யாரிடம் சொல்ல வேண்டும், வெறுங்கையால் எடுக்கக் கூடாது என்றால் கையுறையை யார் தருவார்கள் என்பதற்கு ஒரு சிறு ஏற்பாடு போதும். ஒவ்வோர் ஆண்டும் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் தன்னார்வலர்கள் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். அந்தக் கணக்கைச் சுகாதாரத் துறையும் வாங்கிப் படித்தால் எந்தக் குளத்தில் பறவை குறைந்தது, எதில் ஆகாயத்தாமரை மண்டியது, எதில் சாக்கடை கலந்தது என்ற மூன்றும் ஒருசேரத் தெரியும்.

மலைப்பக்கம் குரங்குகள். 1957இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்ததை அடுத்தே அக்காட்டையொட்டி வாழ்ந்தவர்களுக்கு வந்த காய்ச்சல் புதிய நோய் என்று அறியப்பட்டது. உண்ணிகளால் பரவும் அந்நோய்க்கு அக்காட்டின் பெயரே நிலைத்தது. இன்றும் அங்கே செத்த குரங்கு கிடந்தால் அதைச் சுற்றியுள்ள இடத்தை எச்சரிக்கை வட்டமாகக் கொள்கிறார்கள். பாபநாசத்திலும் மணிமுத்தாற்றிலும் திருக்குறுங்குடி மலையடிவாரத்திலும் குரங்கு செத்துக் கிடந்தால் இன்று அது எரிக்கப்படுகிறது, அல்லது புதைக்கப்படுகிறது. ராமையன்பட்டிக்கு உடற்கூறாய்வுக்கு அனுப்பப்படுவதை விதியாக்கலாம். உண்ணி என்றதும் இன்னொன்று: புல்லறுக்கவும் கிடை காவலுக்கும் போகிறவர்களைக் கடிக்கும் நுண்சிலந்திகளின் குஞ்சுகளால் வரும் ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சலில், சிகரெட்டால் சுட்டதுபோன்ற கறுத்த வடு ஒன்று அக்குளிலோ இடுப்புக் கயிற்றடியிலோ ஒளிந்திருக்கும். அது எலியைச் சார்ந்து வாழும் பூச்சியால் வருவது. அதை மனத்தில் வைத்து உடையை விலக்கித் தேடினால் மட்டுமே வடு கண்ணில் படும். கண்டுகொண்டால் மருந்தும் மலிவு.

வௌவால்களைப் பற்றி அச்சம் கூடிவிட்டது. 2018இல் கோழிக்கோட்டில் நிப்பா வந்த பிறகு பழந்தின்னி வௌவால்கள் தங்கும் மரங்களை வெட்ட வேண்டும் என்ற பேச்சு நம் பக்கத்திலும் கிளம்பியது. வெட்டினால் எதிர்மாறாகத்தான் நடக்கும். ஆஸ்திரேலியாவில் வௌவால்களிடமிருந்து குதிரைகளுக்கும் அவற்றிடமிருந்து மனிதருக்கும் வந்த ஹெண்ட்ரா வைரஸைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்கள் 2022இல் வெளியிட்ட முடிவு இது: குளிர்காலத்தில் பூக்கும் காட்டு மரங்கள் அழிக்கப்பட்டதால் உணவில்லாத வௌவால்கள் பண்ணைகளை நாடின, அப்போதுதான் நோய் தாவியது, காட்டில் பூ மிகுந்திருந்த குளிர்காலங்களில் தாவவில்லை. களக்காடு முண்டந்துறையில் உலகிலேயே மிக அரிய வௌவால்களுள் ஒன்றான சலீம் அலி பழந்தின்னி வௌவால் வாழ்கிறது. காட்டைக் காட்டாகவே வைத்திருப்பது நோய்த்தடுப்புச் செலவில் சேர வேண்டியது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

வௌவாலிடம் கற்றது நோயை மட்டும் அல்ல. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரனும் அவருடைய மாணவர்களும் மதுரைக்கு அருகிலுள்ள குகையில், வெளிச்சமே புகாத ஆழத்தில் பிடித்து வைக்கப்பட்ட வௌவால்கள்கூட மற்ற வௌவால்களின் போக்குவரத்தைக் கொண்டு தம் உடல் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வதைக் கண்டார்கள். பிறகு கடிகாரமும் சூரிய ஒளியும் அற்ற அறையில் மனிதர்களைத் தங்கவைத்தும் ஆராய்ந்தார்கள். இரவுப் பணி மாறிமாறிப் பார்க்கும் செவிலியரின் தூக்கத்தையும் சர்க்கரையையும் பற்றி இன்று பேசப்படுபவை இத்தகைய ஆராய்ச்சிகளிலிருந்து வளர்ந்தவை.

திசையன்விளைப் பக்கத்து வறண்ட நிலத்தில் எல்லாரும் அஞ்சும் சுருட்டை விரியனின் நஞ்சில் இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஒரு புரதம் இருக்கிறது. அதன் அமைப்பைப் பார்த்துச் செய்யப்பட்ட டைரோஃபிபான் என்ற மருந்து 1998 முதல் மாரடைப்புச் சிகிச்சையில் பயன்பட்டுவருகிறது. அமெரிக்கப் பாலைவனத்துக் கிலா என்ற நச்சுப் பல்லியின் உமிழ்நீரில் கண்ட ஒரு பொருளிலிருந்து 2005இல் வந்த எக்செனடைட், இன்று பரவலாகப் பேசப்படும் சர்க்கரை நோய் ஊசிகளுக்கு முன்னோடி. அல்வாவால் பேர் வாங்கிய ஊருக்கு இது தேவைப்படும் செய்தி. யானையின் உடலில் அவ்வளவு கோடி செல்கள் இருந்தும் அதற்குப் புற்றுநோய் மிகக் குறைவாகவே வருகிறது. செல் கெடும்போது அதை அழிக்க உதவும் மரபணு மனிதரிடம் ஒன்றும் யானையிடம் இருபதும் இருப்பதாக 2015இல் கண்டார்கள். ஆனால் மூட்டு விஷயத்தில் யானைக்கும் நமக்கும் வேறுபாடு அதிகமில்லை. நெல்லையப்பர் கோயில் யானை காந்திமதிக்கு எடை கூடியபோது மருத்துவர்கள் தீவனத்தைத் திருத்தி நடைப்பயிற்சி கொடுக்கச் சொன்னார்கள். மூட்டுவலிக்காக 2022இல் பக்தர்கள் தோல் செருப்பு செய்து அணிவித்தார்கள். 2025 ஜனவரியில் அது இறந்தபோது ரதவீதிகளில் நின்று அழுதவர்களில் எத்தனையோ பேருக்கு அதே எடை, அதே முழங்கால் வலி, அதே மருத்துவ அறிவுரை. கேட்டு நடந்தது யானை மட்டும்தான்.

விலங்குகளிடம் கற்பது என்றதும் அவற்றைப் பிடித்து லேகியம் காய்ச்சுவது என்று புரிந்துகொள்ளும் ஒரு மரபும் நம்மிடம் இருக்கிறது. கருங்குரங்கு ரசாயனம் என்ற பெயரில் மேற்குத் தொடர்ச்சி மலையின் கருமந்திகள் வேட்டையாடப்பட்டு அருகிப்போயின. ஆஸ்துமாவுக்கு நல்லது என்று விற்கப்பட்ட அதற்கு எந்தச் சான்றும் இல்லை. காட்டுக் குரங்கின் இரத்தத்தையும் இறைச்சியையும் கையாள்பவருக்கு நோய் தொற்றும் வாய்ப்பு மட்டும் உண்டு. இன்றைக்கும் யாராவது காதோடு காதாக விற்றால் அது வனத்துறை வழக்கு மட்டும் அல்ல, சுகாதாரத் துறை வழக்கும்தான்.

இவற்றையெல்லாம் வைத்து நான் கேட்பது புதுக் கட்டடத்தையோ புதுப் பணியிடத்தையோ அல்ல. சுகாதார நிலையங்கள் ஏற்கெனவே ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்துக்கு அறிக்கை அனுப்புகின்றன. கால்நடை மருந்தகங்களும் தங்கள் நோய் அறிக்கையை அனுப்புகின்றன. இரண்டும் மேலே போகின்றனவே தவிரப் பக்கவாட்டில் போவதில்லை. வட்டார மருத்துவ அலுவலர், கால்நடை உதவி மருத்துவர், வனச்சரகர் மூவரும் மாதம் ஒருமுறை ஓரிடத்தில் உட்கார்ந்து தங்கள் பதிவேடுகளை ஊர் வாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஓர் ஆணை போட்டால் போதும். அவசரச் செய்திக்கு அலைபேசி இருக்கிறது. காய்ச்சல் நோயாளியின் சீட்டில் “வீட்டில் ஆடு மாடு உண்டா, அண்மையில் கன்று வீசியதா, செத்ததை உரித்தீர்களா?” என்ற ஒரு வரி அச்சிடப்பட வேண்டும். 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணை மக்கள் அறிவார்கள்; காட்டு விலங்கும் பறவையும் செத்துக் கிடப்பதைச் சொல்லவும் அப்படி ஓர் எண் வேண்டும், சொன்னவரை “நீ ஏன் அங்கே போனாய்?” என்று விசாரிக்காமல் இருக்கவும் வேண்டும். பல நல்ல செய்திகள் அந்த ஒரு கேள்விக்குப் பயந்தே காட்டோடு நின்றுவிடுகின்றன. மேலப்பாளையம் சந்தையில் செவ்வாய்க்கிழமைகளில், குறிப்பாகப் பக்ரீத்துக்கு முந்தைய வாரங்களில், பல மாவட்டத்து ஆடுகள் ஒன்றாக நிற்கின்றன. அங்கே கால்நடைத் துறையோடு சுகாதார ஆய்வாளர் ஒருவரும் நிற்கலாம். ஆடு பிடித்து ஏற்றி இறக்குபவர்கள், அறுப்பவர்கள், தோல் எடுப்பவர்கள் ஆகியோருக்கு ஆண்டுக்கொரு முறை இரத்தப் பரிசோதனை செய்தால் நம் மாவட்டத்தில் கன்று வீச்சு நோய் மனிதரிடம் எவ்வளவு இருக்கிறது என்பது கையில் கிடைக்கும்.

செலவைப் பற்றி நிதித்துறை கேட்டால் ஆங்கிலத்தில் ரிண்டர்பெஸ்ட் எனப்படும் வெக்கை நோயின் வரலாற்றைக் காட்டலாம். மனிதரின் தட்டம்மைக்கு உறவான அந்த வைரஸ் ஒரு காலத்தில் ஊர் ஊராகத் தொழுவைக் காலி செய்தது. ஏர் பூட்ட மாடில்லாமல் போனதால் பஞ்சமும் கூடவே வந்தது. நாடு முழுவதும் கிராமம் கிராமமாகத் தடுப்பூசி போட்டு, 1995க்குப் பின் இந்தியாவில் ஒரு மாட்டுக்கும் வராமல் ஒழித்தார்கள். 2011இல் உலகத்திலிருந்தே அது ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பிறகு மனிதகுலம் ஒழித்த இரண்டாவது நோய் அது. பனிப்பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊர்களுக்குப் போன கால்நடை ஆய்வாளர்களும் பராமரிப்பு உதவியாளர்களும் செய்த வேலை அது என்பதைத் துறைப் பெருமையாகவே பதிவு செய்கிறேன்.

மாவட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் தொடங்குவது கடினம் என்றால் களக்காடு வட்டாரத்தில் தொடங்கலாம். மலையும் கிடையும் குளமும் ஒருங்கே இருப்பது அங்கேதான். ஐப்பசி மழை விழுந்ததும் காய்ச்சல்கள் கூடும் என்பதால் அதற்கு முன் முதல் கூட்டம் நடந்தால் நல்லது. அழைத்தால் பழைய பதிவேடுகளைப் படித்துச் சொல்லவும், கிடைக்காரர்களோடு பேசவும் என்னைப் போன்ற ஓய்வுபெற்றவர்கள் பயணப்படி கேட்காமல் வருவோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் ஒருவர்,
நாங்குநேரி வட்டம்.